வெட்டவெளிக்கு எதற்கு விசா?

முன்பெல்லாம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் காரணத்தை மறைப்பதில்லை. கடனை அடைக்க வேண்டும், தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க வேண்டும், ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி எடுக்க வேண்டும். கேட்டவர்களுக்கும் விளங்கும். இப்போது ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிற படித்த தலைமுறை சம்பளப் பேச்சையே எடுப்பதில்லை. "காசு இங்கயும் வருது மாமா. பிள்ளைக வெளிய ஓடியாடி வளரணும்ல? இங்க எங்க விட முடியுது?" என்கிறார்கள். பூங்கா, கடற்கரை, சைக்கிள் பாதை, புல்வெளியோடு வீடு, விடுமுறையில் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கல் என்று நன்மைப் பட்டியல் நீளும். தீமைப் பட்டியலில் இரண்டே வரி: அப்பா அம்மாவை விட்டுப் போகணும், அங்கே குளிரும். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணப் பந்தியிலும் ரயில் பெட்டியிலும் இந்தக் கணக்கைக் கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். போக வழியில்லாதவர்கள்தான் கூடுதலாக ஆட்டுகிறார்கள்.

எனக்குத் தலை ஆடவில்லை. போகிறவர்களை மறிப்பது என் வேலையல்ல. பிறந்த மண்ணை விட்டுப் போகாதே என்று பாட்டுப் படிக்கிற ஆளும் இல்லை நான். கரிசல் பூமியே வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பாடுபட்டுத் திருத்திய பூமி. தெலுங்கு தேசத்திலிருந்து அஞ்சி ஓடிவந்தவர்கள் இங்கே காடழித்து ஊர் அமைத்ததைத்தான் கி.ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலாக எழுதினார். அந்தக் கி.ரா.வே 1980களின் கடைசியில் இடைசெவலை விட்டுப் புதுச்சேரிக்குப் போனார். 2021இல் அங்கேயே காலமானார். அவரைக் கூப்பிட்டது பல்கலைக்கழக வேலை. அதே இடைசெவல்காரரான கு.அழகிரிசாமி 1950களில் மலேயா போனது 'தமிழ் நேசன்' பத்திரிகை வேலைக்கு. கடற்காற்று வாங்கப் போகிறோம், மலைச்சரிவில் உலாவப் போகிறோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. என் சண்டை பயணத்தோடு இல்லை, அதற்குச் சொல்லப்படுகிற காரணத்தோடுதான். அந்தக் காரணம் பொய். பொய் என்பதோடு நின்றால் விட்டுவிடலாம். ஊருக்கு அது கெடுதலும் செய்கிறது.

முதலில் ஒன்று: கரிசலில் வெட்டவெளிக்குப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. கோவில்பட்டி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகை வடக்கே இருக்கிறது. வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். ஆறு, ஆறரைக்குப் பொழுது விடியும். ஆறு, ஆறரைக்குப் பொழுது அடையும். எந்த மாதமானாலும் இதுதான். மெல்பர்னில் ஜூன் மாதம் ஐந்து மணி தாண்டிச் சில நிமிடத்தில் சூரியன் விழுந்துவிடும். டொராண்டோவில் டிசம்பரில் ஐந்து அடிப்பதற்கு முன்பே விழுந்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்புகிற அப்பனுக்கு அந்த மாதங்களில் பிள்ளையோடு சேர்ந்து பார்க்கக் கிடைப்பது இருட்டுத்தான்.

இங்கும் தொல்லைகள் உண்டு. சித்திரை, வைகாசியில் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே தலைகாட்ட முடியாது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் கரிசல் மண் செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் கொத்தமல்லி பூத்துக் கிடக்கும் புஞ்சையோரமாக ஒரு முறை நடந்தவர்கள், வெளியே நடமாட வேறு கண்டம் போகணும் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். கழுகுமலை இருபது கிலோமீட்டர். ஒரே பாறையைக் குடைந்தெடுத்த வெட்டுவான் கோவிலும், அதை அடுத்துச் சமணச் சிற்பங்கள் வரிசைகட்டிய குன்றும் இருக்கிற இடம். மாலை வெயிலில் அந்தப் பாறைமேல் ஏறி நின்றால் காற்று ஆளைத் தள்ளும். மலையேற்றத்துக்காகத் துணைக்கண்டம் தாண்டப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

இவ்வளவு வெளி இருந்தும் அதை யாரும் இங்கே கொண்டாடியதில்லை. காரணம் எளிது. கரிசலில் வெளி என்றால் வேலை. புரட்டாசியில் மழையை எதிர்பார்த்து விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. மார்கழி, தையில் உளுந்தும் பாசியும் பிடுங்கி அடிக்கணும். மாசி, பங்குனியில் மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கணும். பகல் முழுக்கக் குனிந்தே கிடக்கிற பெண்களுக்கு வானம் கண்ணில் படுவது நிமிர்ந்து தண்ணீர் குடிக்கும்போது மட்டும்தான். ராத்திரியும் பகலும் வானத்தின் கீழேயே வாழ்கிற ஆள் ஒருவர் உண்டென்றால் அது கிடை போடுகிற ஆட்டுக்காரர். அறுப்பு முடிந்த புஞ்சைகளில் ஆடுகளை அடைத்துவிட்டுப் பனியிலும் கொசுக்கடியிலும் காவல் கிடப்பவர். மலைச்சரிவில் கூடாரம் போட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள் அவரைப் பார்த்து ஏங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"வெயில்ல கெடந்து சாகாதல, படி" என்று சொல்லித்தான் இன்று குடிபெயர்கிற தலைமுறையின் அப்பன்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1984இல் கோவில்பட்டியிலேயே நேஷனல் பொறியியல் கல்லூரி வந்தது. சுற்று வட்டாரத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி கைக்கெட்டியது. மகன் படித்தான், சென்னைக்கோ பெங்களூருக்கோ போனான், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தான். இன்று அவனே தன் பிள்ளைக்கு வெயில் வேண்டும் என்று விண்ணப்பம் போடுகிறான். தாத்தாவுக்குத் தண்டனையாக இருந்தது பேரனுக்குச் செல்வமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே சூரியன் மாறவில்லை. தாத்தாவிடம் இல்லாத ஒன்று பேரனுக்கு வேண்டியிருக்கிறது: வேலையில்லாத நேரம். அவர்கள் விலைகொடுத்து வாங்கப் போவது அதைத்தான்.

சரி, போன இடத்தில் கிடைக்கிறதா? சிட்னி என்றால் நம் கண்ணுக்கு வருவது போண்டை கடற்கரை. தமிழ்க் குடும்பங்கள் திரளாக இருப்பதோ வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று மேற்கே உள்ளே தள்ளிய பகுதிகளில். இன்னும் மேற்கே போனால் பென்ரித். 2020 ஜனவரி 4 அன்று அங்கே வெப்பம் 48.9 பாகை செல்சியஸைத் தொட்டது. சிட்னி வட்டாரத்தில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். நம் கத்திரி வெயில் அதற்கு ஏழெட்டுப் பாகை கீழேதான். பென்ரித்திலிருந்து போண்டைக்கு எவ்வளவு தூரமோ, கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான், அறுபது கிலோமீட்டர் சுமார். கடற்கரைப் பக்கத்து வீட்டை வாங்குவது புதிதாகப் போன சம்பளக்காரர்களால் ஆகிற காரியமல்ல. எனவே அங்கேயும் கடல் என்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரக் கார்ப் பயணம், வண்டி நிறுத்த இடம் தேடல்.

காற்றும் அப்படித்தான். 2019 கடைசியில் தொடங்கிய காட்டுத்தீயின்போது சிட்னியும் கான்பெராவும் வாரக்கணக்கில் புகைக்குள் கிடந்தன. 2020 புத்தாண்டு நாளில் கான்பெராவின் காற்று உலகத்திலேயே மோசமான காற்றுகளில் ஒன்றாக இருந்தது. சன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள் என்று அரசு சொன்னது. 2023 கோடையில் கனடாக் காடுகள் எரிந்த புகை டொராண்டோவை மூடி, நியூயார்க் வரைக்கும் போய் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. இது ஏதோ ஒருமுறை நேர்ந்த விபத்து என்று அந்த நாட்டு விஞ்ஞானிகளே சொல்வதில்லை.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம், வாதத்தின் உயிர்நாடி அங்கேதானே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுவரை உள்ள சுமார் 16 லட்சம் மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம்கூட உடலசைவு இல்லாத பிள்ளைகள் உலக அளவில் 100க்கு 81 பேர். ஆஸ்திரேலியாவில் 89 பேர். இந்தியாவில் 74 பேர். ஓடியாடும் வாழ்க்கைக்குப் பேர்போன நாடு பட்டியலின் அடிமட்டத்தில், நாம் அதைவிட மேலே. பூங்காவும் புல்வெளியும் வீட்டுக்கு வீடு இருந்தும் பிள்ளைகள் கைப்பேசியோடு உள்ளேதான் கிடக்கிறார்கள். கோவில்பட்டியிலும் அதே கைப்பேசிதான்.

இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு மார்தட்டவும் முடியாது. இந்தியப் பையன்களின் எண்ணிக்கை மேலாக இருப்பதற்குக் கிரிக்கெட் போன்ற விளையாட்டு காரணமாக இருக்கலாம் என்ற அதே ஆய்வு, பெண்பிள்ளைகளுக்கு வேறு காரணம் காட்டியது: வீட்டுவேலை. தண்ணீர்க் குடம் சுமப்பதும் வீடு கூட்டுவதும் உடலசைவுக் கணக்கில் சேர்ந்துவிட்டன. நம் வெளியை ஒரேயடியாகப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகணும். இதற்குத் திரும்பி வருகிறேன்.

வெயிலையும் கடலையும் காட்டி ஆள் சேர்ப்பது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரேலிய அரசு பிரிட்டனில் விளம்பரம் செய்தது. வெளுத்த வானமும் ரேஷன் அட்டையுமாக இருந்த மக்களிடம் நீலக்கடல், பொன்மணல், சிரிக்கும் குழந்தைகள் வரைந்த சுவரொட்டிகளை நீட்டியது. பெரியவர்களுக்குக் கப்பல் கட்டணம் பத்து பவுண்டு, குழந்தைகளுக்கு இலவசம். இரண்டு வருஷம் இருந்தாகணும் என்பது நிபந்தனை. அடுத்த கால் நூற்றாண்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் போனார்கள். தகரக் கூரை முகாமில் இறக்கப்பட்டு, கிடைத்த ஆலை வேலையைப் பார்த்தவர்கள் பலர். ஏறக்குறையக் கால்வாசிப் பேர் திரும்பிவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இங்கிலாந்துக் குளிரைப் பார்த்துவிட்டு மறுபடியும் கப்பலேறினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. தங்கிப் போனவர்களைத் தங்கவைத்தது வேலையும் வீடும்தான் என்று அவர்களுடைய நினைவுக்குறிப்புகளைப் படித்தால் தெரியும். அந்தப் பத்து பவுண்டுச் சீட்டு நமக்கு நீட்டப்பட்டதல்ல. வெள்ளையர் மட்டும் என்ற கொள்கையின் மிச்சத்தை ஆஸ்திரேலியா துடைத்தெறிந்தது 1973இல்தான். இன்று நம் பிள்ளைகளுக்குக் காட்டப்படுவது அதே சுவரொட்டிதான், சீட்டின் விலைதான் வேறு.

குடிபெயர்ந்து வெளியிலேயே வாழ்கிற கரிசல்காரர்கள் உண்மையில் உண்டு. அவர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். கட்டடச் சாரத்தின் மேல், குழாய் பதிக்கும் பள்ளத்தில், சாலையோரத்தில். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கத்தாரில் 2021 முதல் காலை பத்திலிருந்து மூன்றரைவரை தடை. அப்படித் தடைபோட வேண்டிய அளவுக்கு அந்த வெயில் ஆளைத் தின்கிறது. விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு கிராமங்களில் வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள், 'வெளிநாடு' என்றதும் யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று. முன்னொரு காலத்தில் இதே தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கங்காணிகள் கூட்டிப்போன சனங்களும் இலங்கை மலைகளில் நாள் முழுக்கப் பச்சைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவேதான் நின்றார்கள். அதை யாரும் வாழ்க்கைமுறை என்று சொல்லத் துணியவில்லை. வெட்டவெளி வாழ்க்கைக்காகக் குடிபெயர்கிறோம் என்று பொதுவாகப் பேசும்போது இவர்களெல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அந்தச் சொற்றொடர் யாரை உத்தேசித்து உருவானது என்பது இதிலேயே தெரிகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் பக்கம் இருக்கிற உண்மையையும் ஒத்துக்கொள்ளணும். ஆஸ்திரேலியப் பூங்காவில் கழிப்பறை இருக்கிறது. அதில் தண்ணீர் வருகிறது. காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் தனியாக ஓடிவிட்டு வரலாம். நடைபாதையில் நடைபாதை மட்டும் இருக்கிறது. கடற்கரையில் கொடி நட்டு உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார்கள். நம் பக்கம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கிணற்றிலும் கண்மாய்ப் பள்ளத்திலும் கல்குவாரிக் குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். சைக்கிள் படித்த பையன் தைரியமாக ஓட்ட ஒரு தெரு இல்லை. நான்குவழிச் சாலையோ ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளையை வாசலைத் தாண்டிக் கூட்டிப்போவதே இங்கே பெரும்பாடு. அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவர்கள் வெளிநாடு போகிறோம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இந்தப் பட்டியலில் கடலும் மலையும் காடும் எங்கே இருக்கின்றன? ஒன்றுமில்லை. எல்லாமே நகராட்சி செய்கிற வேலை, போலீஸ் செய்கிற வேலை, சட்டம் செய்கிற வேலை. எல்லாவற்றுக்கும் மேலே நேரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முழுநேர ஊழியருக்கு வாரம் 38 மணி நேரம் என்பது சட்ட வரையறை, வருஷத்துக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2024 ஆகஸ்டிலிருந்து வேலை நேரம் முடிந்தபிறகு முதலாளியின் அழைப்பை எடுக்க மறுக்கும் உரிமையும் சட்டமாகியிருக்கிறது. பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக அப்பனால் முடிகிறதென்றால் அதற்குக் காரணம் பூங்கா இல்லை, ஐந்து மணிக்கு அவனை வெளியே விட்ட சட்டம். அந்தச் சட்டமும் வானத்திலிருந்து விழவில்லை. மெல்பர்ன் கல்தச்சர்கள் 1856இல் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போய் எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள்.

இங்கே என்ன நடந்தது? 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த வருஷம் அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி அறிவுரை சொன்னார். வெட்டவெளிக்காகக் குடிபெயர்கிறோம் என்கிற மென்பொருள்காரர்களுக்கு நேராகத் தைத்த அம்பு அது. ஒருநாள் கேலிப்படம் பகிர்ந்ததோடு அவர்களுடைய எதிர்ப்பு முடிந்தது. பிறகு பழையபடி, இங்க எங்க பிள்ளைகளை வெளிய விட முடியுது என்ற பேச்சு. பிள்ளையை வெளியே விடாமல் பிடித்துவைத்திருப்பது எதுவென்று தெரிந்தும் சுட்டிக்காட்ட மனமில்லாதபோது ஊரைக் குற்றம் சொல்வது வசதி.

ஒரு ஊர் நினைத்தால் வெளியை உண்டாக்க முடியும் என்பதற்குக் கோவில்பட்டியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் 'ஹாக்கிப்பட்டி' என்று எழுதுகிற ஊர் இது. தாமிரபரணித் தண்ணீரைச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் இழுத்துக் குடிக்கிற வறண்ட ஊர். தீப்பெட்டி ஆபீஸ் கூலிகளும் கடலை மிட்டாய் கிண்டுகிறவர்களும் நிறைந்த ஊர். பல தலைமுறையாக இங்கே பிள்ளைகள் கையில் ஹாக்கி மட்டை இருக்கிறது. முதலில் கட்டாந்தரையில் ஆடினார்கள். மூத்தவர்கள் சம்பளம் வாங்காமல் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வந்திறங்கின. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி வந்தது. கிருஷ்ணா நகரில் செயற்கை இழை ஆடுகளம் வந்தது. 2022இல் ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற இந்திய ஆசியக் கோப்பை அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். இதே ஊரின் விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இருந்தார். ஆற்றங்கரையும் இல்லாமல் மலைவாசமும் இல்லாமல் ஒரு கரிசல் டவுன் இதைச் செய்தது. ஒரு மைதானம், சொல்லித்தர ஆள், ஆடினால் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. இந்த மூன்றும் அமைந்த இடத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பு என்று யாரும் பெற்றவர்களைக் கெஞ்சத் தேவைப்படவில்லை.

இன்னொரு பழைய கதையும் உண்டு, இனிமையானதல்ல. எண்பதுகளில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களுக்குப் பொழுது விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் உட்காரவைத்து, இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. அன்றைக்கும் கோவில்பட்டியைச் சுற்றி வெட்டவெளி இதே அளவுதான் கிடந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், பிறகு சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, பத்திரிகைகளின் அம்பலப்படுத்தல், இயந்திரங்களின் வரவு என்று பல சேர்ந்து அந்த வண்டிகளை நிறுத்தின. அந்தப் பிள்ளைகள் யாரும் விமானம் ஏறித் தப்பவில்லை.

கெடுதல் என்று சொன்னேனே, அது இதுதான். வெளி என்பது இன்னொரு நாட்டில் இருக்கிற சரக்கு என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டால், இருக்கிற வெளியைக் கேட்க ஆள் இல்லாமல் போகும். ஊர் மந்தை சுருங்குகிறது, ஓடை வீட்டுமனையாகிறது, ஊருணியில் சாக்கடை விழுகிறது, கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் நிற்கிறது. உருளைக்குடிக் கண்மாயை நடுவில் வைத்து 'சூல்' எழுதிய சோ.தர்மனுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலை வாங்கி வைத்திருக்கிறவர்களில் தங்கள் ஊர்க் கண்மாய்க்காக ஒரு மனு எழுதியவர்கள் எத்தனை பேர்? பேசத் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரி முன் உட்கார்ந்து கேள்வி கேட்கக் கூடியவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் பத்து வருஷம் மனத்தளவில் கிளம்பியவர்களாகவே வாழ்கிறார்கள். அந்தப் பத்து வருஷத்தில் வார்டு கூட்டத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பழைய வெளி எல்லாருக்கும் திறந்திருந்தது என்று நான் சொன்னால் கரிசல் எழுத்தாளர்களே என்னை மன்னிக்க மாட்டார்கள். பூமணியின் 'பிறகு' 1979இலேயே அதைச் சொல்லிவிட்டது. ஊர்க் கிணறு ஒரு சாராருக்கு ஊர்க் கிணறு இல்லை. மடத்துத் திண்ணையில் எல்லாரும் காலை நீட்ட முடியாது. இன்றைக்கும் சில ஊர்களில் எந்தத் தெருப் பையன்கள் எந்தத் திடலில் கிரிக்கெட் ஆடலாம் என்பதில் வெட்டுக்குத்து வரை போகிறது. பெண்பிள்ளைகளோ வயசுக்கு வந்ததும் திடலிலிருந்து காணாமல் போகிறார்கள்; பிறகு அவர்கள் வெளியே வருவது குடத்தோடு அல்லது களைக்கொத்தோடு. சாதியாலும் பெண்ணாகப் பிறந்ததாலும் வெளி மறுக்கப்பட்ட ஒருவர், இந்த ஊரில் எனக்கு மூச்சு முட்டுகிறது, போகிறேன் என்றால் அது நேர்மையான காரணம். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பூங்கா பூங்கா என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மறுப்பைச் சந்தித்தவர்கள் அல்லர். சிலர் மறுத்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஊரில் ஒரு திடலைப் பொதுவாக்கக் கைதூக்காமல், யாரோ போராடிப் பொதுவாக்கிய திடலில் போய்ப் பந்து விளையாடுகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி வரும், அதுதான் பலமான கேள்வி. "நீங்க சொல்றதெல்லாம் சரி அண்ணாச்சி. சட்டம் வந்து, திடல் வந்து, பெண்பிள்ளைக தைரியமா வெளிய வர இருபது வருஷம் ஆகும். என் மகளுக்கு இப்ப ஆறு வயசு. அவ காத்திருப்பாளா?" காத்திருக்க மாட்டாள். ஆனால் அங்கே போனாலும் முதல் சில வருஷங்கள் விசாவுக்கும் நிரந்தர வசிப்புரிமைக்கும், அப்புறம் வீட்டுக் கடனுக்கும் போகும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக, பள்ளி விட்டபின் அவள் காப்பகத்தில் உட்கார்ந்திருப்பாள். தாத்தா கையைப் பிடித்துக் கடைத்தெருவுக்குப் போகிற சாயங்காலம் அங்கே கிடையாது. இதையெல்லாம் கணக்கில் போட்டபிறகும் போகிறதுதான் மேல் என்று தோன்றினால் போகட்டும், பலருக்கு அது மேலாகவே இருக்கலாம். போகும்போது, சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் போகிறேன் என்று பந்தியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகட்டும். அப்போதுதான் பக்கத்து இலைக்காரர், அந்த வேலை நேரம் நமக்கு ஏன் இல்லை என்று கேட்பார். இப்போது சொல்கிற காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் நம் ஊர் வெயிலைத்தான் திட்டுகிறார்.